கிணற்றுத் தண்ணீர் எடுத்தது எந்த மாசம்?

சானல்கரை:
எங்கள் ஊரில் வரப்போகிற கல், கிராவல் குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்தது. 'கிணறுகளுக்குப் பாதிப்பில்லை, வண்டல் தொட்டியில் தெளிந்த நீர்தான் ஓடைக்குப் போகும்' என்று ஒருவர் வாசித்தார். வேளிமலை அதையே வேதவாக்காக நேற்று இங்கே போட்டிருக்கிறார். ஓய், குவாரிக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தீரா? சோதனைக்குத் தண்ணீர் எடுத்தது பிப்ரவரியில். பிப்ரவரியில் எந்தக் கிணறு கலங்கும்?

வேளிமலை:
விதி தெரியாமல் குதிக்க வேண்டாம். மழையில்லாத ஒரு பருவத்தில் ஆய்வு செய்வதுதான் நடைமுறை. கலங்கல் அளவு 1 அலகுக்குக் கீழே, குடிநீர் தரத்துக்குள் இருக்கிறது. நான் இருபது வருஷம் சைட்டில் நின்றவன்.

சானல்கரை:
சைட்டில்தானே நின்றீர், கிணற்றங்கரையில் இல்லையே. நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டையும் விட்டுவிட்டுப் பிப்ரவரியாம்!

ரப்பர்பால்:
மாசத்தை விடுங்கள் அண்ணாச்சி. வெடிமருந்தில் இருக்கிற அம்மோனியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும். தொட்டியில் பாறைப்பொடி அடியில் தங்கும், கரைந்தது தங்காது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் தெரியும். அப்புறம், மேலே கிடக்கிற கிராவலை வழித்துவிட்டால் மழைத்தண்ணீர் எதில் ஊறிக் கிணற்றுக்கு வரும்?

வேளிமலை:
நைட்ரேட்டா? உங்கள் தோட்டத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறீர்களே, அது என்ன விபூதியா?

ரப்பர்பால்:
ரப்பர் ஷீட் விற்கிற விலைக்கு உரம் வேறு போடுகிறோமாக்கும்.

வேளிமலை:
சானல்கரைக்கு ஒன்று சொல்கிறேன். மழையில் எடுத்திருந்தால் 'குவாரி வரும் முன்பே கலங்கல்தான்' என்று பதிவாகியிருக்கும். நாளைக்கு நஷ்டம் உங்களுக்குத்தான்.

சானல்கரை:
சுற்றி வளைக்க வேண்டாம். பிப்ரவரியா இல்லையா?

நாஞ்சில் மருமகள்:
அண்ணாச்சி போன வருஷம் மாடி எடுத்தாரே, ஜல்லியும் எம்-சாண்டும் வானத்திலிருந்தா விழுந்தது?

சானல்கரை:
என் மாடிக்கு நாலு லோடு. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற லாரியை ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணும், தெரியும்.

வேளிமலை:
பேச்சிப்பாறை அணை 1906-ல் வெல்லக்கட்டியிலா கட்டினார்கள்? அதற்கும் கல் உடைக்கத்தானே செய்தார்கள்?

சானல்கரை:
அணை கட்டிய மின்சின் துரை கதையெல்லாம் இருக்கட்டும். அவர் ஒன்றும் என் கிணற்றில் பிப்ரவரியில் பாட்டில் முக்கவில்லை.

ரப்பர்பால்:
அண்ணாச்சி, நைட்ரேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்களேன்.

சானல்கரை:
அதையும் பிப்ரவரியில்தானே பார்த்திருப்பார்கள்!

வேளிமலை:
மாசம் பார்ப்பதில் இவ்வளவு கறாராக இருக்கிறவர், கோயில் கொடைக் கணக்கை ஏன் ஐந்து மாசமாகக் காட்டவில்லை? தைரியம் இருந்தால் இங்கே போடும்.

நாஞ்சில் மருமகள்:
அதைக் கேளுங்கள் முதலில்.

சானல்கரை:
போடுகிறேன் வே. பந்தலுக்குத் தருவதாக நீர் சொன்ன பணம் வராத ரசீதும் அதில் இருக்கிறது. அதுவும் பிப்ரவரிதான்.