ரயிலில் தினமும் பார்க்கிறவர்களைக் கதையாக்குவது எப்படி?

சிங்கப்பெருமாள் கோவில்காரி:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறேன். சிறுகதை எழுத ரொம்ப நாளாக ஆசை. கண்ணில் படுகிறவர்களைப் பற்றியெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். ‘பொத்தேரியில் இறங்கும் பெண், காதில் ஒரு பக்கம் மட்டும் தோடு’, ‘பல்லாவரத்தில் ஏறும் பெரியவர், சட்டைப் பையில் நான்கு பேனா’ என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஆளின் தோற்றத்தை வர்ணித்து முடிப்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அவருக்கே தெரியாமல் எழுதுவது சரியா? எழுதுகிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய மீட்டர்கேஜ்:

வாங்கம்மா. நான் 2004-க்கு முன்னால், மீட்டர்கேஜ் என்ற குறுகிய தண்டவாளத்தில் வண்டி ஓடிய காலத்திலிருந்தே இந்தத் தடத்தில் சீசன் டிக்கெட் வைத்திருந்தவன். எழுதிய கதைகளில் பாதி தாம்பரத்துக்கும் பூங்கா ஸ்டேஷனுக்கும் இடையில் கிடைத்தவைதான்.

உங்கள் நோட்டில் இருப்பதெல்லாம் அடையாளங்கள். அடையாளத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம், கதையைக் கண்டுபிடிக்க முடியாது. வழக்கத்தைக் கவனியுங்கள். கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. அப்பா ஏறிய வண்டியில் மகன், அவன் ஏறிய வண்டியில் பேத்தி என்று தலைமுறையாகப் பழகிய கூட்டம் இது. அதே பெட்டி, அதே கதவு, முடிந்தால் அதே ஜன்னல். இவ்வளவு அழுத்தமான வழக்கம் இருப்பதால்தான் ஒருநாள் அது பிசகினால் பளிச்சென்று தெரிகிறது. கதை அங்கே தொடங்குகிறது.

ஒன்று சொல்கிறேன். கூடுவாஞ்சேரியில் ஒருவர் ஏறுவார். கையில் இரண்டு மஞ்சப்பை, இரண்டிலும் டிபன் கேரியர். மாம்பலம் வந்ததும் கதவோரம் போய், இறங்காமலே ஒரு பையை வெளியே நீட்டுவார். நடைமேடையில் ஒரு அம்மா வாங்கிக்கொள்வார். வண்டி நிற்பது அரை நிமிடம். இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. அவர் பையைக் கொடுக்கும்போது அதன் காதை விரித்துப் பிடிப்பார், அந்த அம்மாவின் விரல்கள் சுலபமாக நுழையட்டும் என்று. எப்போதும் அப்படித்தான்.

ஒரு காலையில் அந்த அம்மா இல்லை. அவர் நீட்டிய கையை வண்டி நகர்ந்த பிறகுதான் உள்ளே இழுத்தார். அப்புறம் அந்தப் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். எழும்பூரில் நான் இறங்கும்போதும் மடியில்தான் இருந்தது.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘அவங்களுக்கு இன்னிக்கு லீவு’ என்று சொல்லியிருப்பார், எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அந்த அம்மா ஏன் வரவில்லை என்பதை நானே பல விதமாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அவர் வந்திருக்கிறார், மேம்பாலப் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், இறங்கத்தான் இல்லை என்று தோன்றியது. பார்வை அந்தப் படிக்கு மாறியதும் கதை கிடுகிடுவென்று வந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த மனிதரை நான் எழுதவில்லை. கதையில் மருந்துப் பை, கொடுப்பது ஒரு மகள், ஸ்டேஷன் சைதாப்பேட்டை. அவரே படித்தாலும் ‘யாரோ ஒருத்தி’ என்றுதான் நினைப்பார். உண்மையில் எடுத்துக்கொண்டது, உள்ளே இழுக்காமல் நீட்டியபடியே இருந்த அந்தக் கையை மட்டும்தான்.

மகளிர் பெட்டி:

ஐயா சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். கேட்காதே என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் மாலையில் மாம்பலத்தில் ஏறுவேன். ரங்கநாதன் தெருவிலிருந்து நேராக வருகிற கூட்டம். முருங்கைக்கீரை வாங்கியவர்கள் கிண்டி தாண்டுவதற்குள் முந்தானையில் கொட்டி உருவ ஆரம்பிப்பார்கள். பூண்டு உரிப்பார்கள், பீன்ஸ் நார் எடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவளும் சும்மா இருக்க மாட்டாள், ஒரு கொத்தை எடுத்துக்கொள்வாள். கைக்கு வேலை வந்ததும் வாய் தானாகத் திறக்கும். முகம் பார்த்துப் பேச முடியாததெல்லாம் கீரையைப் பார்த்துக்கொண்டே வந்துவிடும். ஒருத்தி காம்பைக் கிள்ளிப் போட்டபடியே, “வாடகைக்கு வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன், அவருகிட்ட இன்னும் சொல்லல” என்றாள். குரோம்பேட்டை வந்தது, இறங்கிப் போய்விட்டாள். அதை நான் கிண்டவில்லை. அவள் மனசு அவளுடையது. அதுவரைக்கும் ஐயா சொல்வது சரி.

ஆனால் தொழிலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் பெட்டியில் பூக்கார அக்கா ஒருவர் உதிரிப் பூவை மடியில் கொட்டிக் கட்டிக்கொண்டே வருவார். அவரைக் கதையில் வைக்க ஆசைப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சளைக்காமல் சொன்னார். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிவிடும், அதோடு முகூர்த்த நாளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு நெருக்கமாகக் கட்டினால் முதலுக்கே மோசம், அதனால் இடைவெளி விட்டுக் கட்டி நடுவில் கனகாம்பரம் வைப்பாராம். “வாடிக்கைக்காரங்களுக்கு மட்டும் நெருக்கமா கட்டுவேன்” என்றார். யாருக்கு நெருக்கம், யாருக்கு இடைவெளி என்பதிலேயே ஒரு முழுக் கதை இருக்கிறது. இதை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கவே முடியாது.

பழைய மீட்டர்கேஜ்:

நல்ல வார்த்தை. தொழிலைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷமாகவே. நெருக்கமாகக் கட்டுவது யாருக்கு என்று அந்த அம்மா சொன்னாரா?

மகளிர் பெட்டி:

சொன்னார். அதைக் கதையில்தான் சொல்வேன்!

கடைசிப் பெட்டி:

நான் பரனூரிலிருந்து வருகிறேன். இரண்டு விஷயம் மட்டும். யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். ‘குறிப்புக்காக’ என்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கிறது. போட்டோ இருந்தால் நாம் மறந்ததை எல்லாம் அது நினைவுபடுத்தும், கதைக்கு அந்த மறதி வேண்டும். அடுத்து, வண்டிக்குள்ளேயே நோட்டை எடுக்காமல் இறங்கி நடக்கும்போது எழுதிப் பாருங்கள். அதற்குள் மனசில் எது தங்கியிருக்கிறதோ அதை மட்டும்.

2025-ல் வந்த ஏசி வண்டியில் சில நாள் போனேன். கதவு மூடிவிடுகிறது, குளுகுளுவென்று இருக்கிறது, தூக்கம் வருகிறது. நீட்டிய கையை அதில் பார்க்க வழியே இல்லை. எழுத வேண்டும் என்றால் சாதா வண்டிக்கே வாங்க.

சிங்கப்பெருமாள் கோவில்காரி:

எல்லோருக்கும் நன்றி. நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு பேனா வைத்திருந்த பெரியவரைப் பற்றி வேறொரு பக்கத்தில், ‘இன்று ஒரே பேனா, அதையும் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காமல் இறங்கினார்’ என்று நானே எழுதியிருக்கிறேன். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நேற்று ராத்திரி அதிலிருந்து தொடங்கினேன், மூன்று பக்கம் வந்துவிட்டது. பெரியவரைக் கதையில் பள்ளிக்கூட எழுத்தர் அம்மாவாக மாற்றிவிட்டேன். பேனாவை வாங்கிக்கொண்டவன் பார்வையில் எழுதுகிறேன். பள்ளி எழுத்தர் வேலை எனக்குத் தெரியாது. யாராவது செய்திருக்கிறீர்களா? மாற்றுச் சான்றிதழ் எழுதும் முறை, பதிவேடுகள், கையெழுத்து யார் யார் போடுவார்கள் என்று கேட்க வேண்டும்.

மகளிர் பெட்டி:

எங்கள் பெட்டியில் ஒருவர் இருக்கிறார், பெருங்களத்தூரில் இறங்குவார். திங்கட்கிழமை சாயங்காலம் மாம்பலத்தில் என்னோடு ஏறுங்கள், அறிமுகப்படுத்துகிறேன். கீரை உருவத் தெரியும்தானே?