கலைச்சொல்: மியூக்கர்மைக்கோசிஸுக்குக் ‘கருப்புப் பூஞ்சை’ பொருந்துமா?

அன்புடையீர்,

மும்பையின் சயான், தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கான விளக்கத் தாளில், கொரோனாவை ஒட்டி வந்த மியூக்கர்மைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயைக் ‘கருப்புப் பூஞ்சை’ என்றே போடலாம் என முந்தைய மடலில் கண்டேன். 2021 மே மாதத்தில் செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. மக்கள் நாவிலும் பதிந்துவிட்டது. ஆனாலும் கலைச்சொல்லாக அதை ஏற்கக் கூடாது.

அந்தப் பூஞ்சையின் இழைகள் நுண்ணோக்கியில் நிறமற்றவை. அவை ரத்தக்குழாயைத் துளைத்துப் புகுந்து ரத்தத்தை உறையவைக்கின்றன. மூக்கிலும் அண்ணத்திலும் தெரியும் கருப்பு, ரத்தம் கிடைக்காமல் செத்த திசுவின் நிறம். மெலனின் கொண்ட, உண்மையிலேயே கரிய பூஞ்சைகள் வேறு உண்டு. அவற்றால் வரும் ஃபியோஹைஃபோமைக்கோசிஸுக்கு அப்புறம் என்ன சொல் வைப்போம்?

பூஞ்சை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவும் முடியாது, மருந்தே மாறுகிறது. கடும் இன்ஃப்ளூயன்ஸாவிலும் கொரோனாவிலும் நுரையீரலைத் தாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சைக்கு வோரிகோனசோல்: சிரை வழியாகக் கிலோவுக்கு 6 மி.கி. வீதம் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு 4 மி.கி. மியூக்கரிடம் அது பலிக்காது. அங்கே லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி, நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.க்குக் குறையாமல், முதல் நாளே முழு அளவில். செத்த திசுவை அறுத்தெடுக்கவும் வேண்டும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது.

‘மியூக்கர் பூஞ்சை நோய்’ என்பது என் பரிந்துரை. குழாயைத் துளைத்துப் புகுவதற்கு ‘நாள ஊடுருவல்’.

— மாட்டுங்காவிலிருந்து

ஐயா, ‘நாள ஊடுருவல்’ அருமை. ஆனால் இந்த நோயில் இங்கே அதிகம் பிடிபடுவது ரைசோபஸ் என்ற பூஞ்சை. மியூக்கர் என்பது அதே மியூக்கரேல்ஸ் வரிசையில் ஒரு பேரினம் மட்டுமே. ‘மியூக்கர்வகைப் பூஞ்சை நோய்’ என்றால் ஆய்வக அறிக்கையோடு மோதாது.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மியூக்கர்வகையையும் அஸ்பெர்ஜில்லஸையும் பிரித்தறியலாம். மியூக்கர்வகை இழை நாடாபோல் அகலம், 6 மைக்ரானுக்கு மேல். தடுப்புச் சுவர் அரிது. கிளை ஏறக்குறைய செங்கோணத்தில். அஸ்பெர்ஜில்லஸ் இழை மெலிது, சுவர் உண்டு, கிளை 45 பாகையில். வளர்ப்புக்கு வரும் திசுவை அரைக்காதீர்கள், சிறு துண்டாக நறுக்குங்கள். அரைத்தால் இழை செத்துத் தட்டில் ஒன்றும் முளைக்காது. ஃபார்மலினில் போட்டு அனுப்பினாலும் அதே கதி. அஸ்பெர்ஜில்லஸின் சுவர்ப்பொருளைத் தேடும் காலக்டோமன்னன் சோதனை மியூக்கர்வகையைக் காட்டாது; ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைய முடியாது.

‘குடியேற்றம்’ (நோய் தராமல் தங்கியிருப்பது), ‘ஊடுருவு நோய்’ (திசுவுக்குள் புகுந்து தாக்குவது) இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் தனித்தனியே வையுங்கள். சளியில் கேண்டிடா என்ற பூஞ்சை முளைத்தால் பெரும்பாலும் அது குடியேற்றம்தான்; அதற்கு மருந்து தொடங்குவது வீண்.

— செம்பூரிலிருந்து

‘வகை’ சேர்ப்பது சரி, ஏற்கிறேன். இன்னொன்று: பட்டியலில் ‘உடன்தொற்று’ என்று இருக்கிறது. வைரஸ் மூச்சுக்குழாய் உட்பூச்சைச் சிதைத்து, ஸ்டீராய்டும் அடங்காத சர்க்கரையும் எதிர்ப்பைக் குறைத்த பிறகே பூஞ்சை வருகிறது. ஆகவே ‘பின்தொற்று’ பொருத்தம்.

தாளில் ‘மக்கள் வழக்கில் கருப்புப் பூஞ்சை’ என்று ஒரே ஒரு முறை குறிப்போம். தேடுபவர் அந்தச் சொல்லால்தான் தேடுவார். அதன் கீழேயே அறிகுறிகள்: ஒரு பக்கக் கன்னத்தில் மரத்துப்போதல், கண் வீக்கம், இரட்டைப் பார்வை, பல் ஆட்டம், மூக்கில் கருஞ்சளி. ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

— மாட்டுங்காவிலிருந்து