‘ரீலிங்க்’ என்பதற்குத் தமிழ்: ‘மறுஇணைப்பு’ வேண்டாம், ‘இடஞ்சுட்டல்’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். படத்தொகுப்பு மென்பொருளில், இடம் மாறிப்போன படக்கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதை ‘ரீலிங்க்’ என்கிறோம். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘மறுஇணைப்பு’ என்றே முடித்துவிடலாம் என்று குழுவின் போன மடலில் பார்த்தேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. காரைக்குடியில் பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ தொகுக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்குத் தேவைப்படுகிற சொல் இது.

எங்கள் தொழிலில் ‘இணை’ என்றால் இரண்டு துண்டை ஒட்டுவது. தமிழில் சொல்லிப் பார்ப்போமே என்று போன மாதம் புதுப் பையனிடம், “அந்த கிளிப்பையெல்லாம் மறுஇணைப்புச் செஞ்சிரு தம்பி” என்றேன். டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், நான் வெட்டி வைத்திருந்தவற்றை அவன் ஒட்டத் தொடங்கிவிட்டான். அவன்மேல் தப்பே இல்லை. ‘இணைப்பு’ ஏற்கெனவே மின்னஞ்சலோடு வரும் கோப்பையும் குறிக்கிறது, இணையத் தொடர்பையும் குறிக்கிறது. அதன் தலையில் இன்னொரு சுமை ஏற்ற வேண்டாம்.

உண்மையில் நடப்பது என்ன? புராஜெக்ட் கோப்புக்குள் படம் கிடையாது. எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் படம் இருக்கிறது, அதில் எங்கிருந்து எதுவரை வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கிறது. ஸ்டுடியோவில் ‘இ’ டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், வீட்டுக் கணினியில் ‘எஃப்’ ஆனாலே போதும். பிரீமியர் என்ற தொகுப்பு மென்பொருளில் திரை சிவந்துவிடும். படமும் அழியவில்லை, போட்ட வெட்டும் கலையவில்லை. “நீ தேடுகிற படம் இப்போது இங்கே இருக்கிறது” என்று காட்டிக்கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும். இதில் ஒட்டுகிற வேலையே இல்லை.

‘மீள்சுட்டல்’ என்ற யோசனை பொருளில் சரி. ஆனால் ‘சுட்டுட்டான்’ என்றால் திருடிவிட்டான் என்பது பேச்சு வழக்கு. எதைச் சுட்டுவது என்று சொல்லாமல் தனியே நின்றால் காது அங்கேதான் போகிறது. ‘தடம்’ வேண்டாம், டைம்லைனில் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள தனித்தனி வரிசையான டிராக்குக்கு அதைக் கொடுத்தாயிற்று.

தேவகோட்டை அண்ணன் சொன்ன ‘விலாசம் மாற்றல்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணே, நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் விலாசம் இடத்தையா குறிக்கிறது? பாட்டன், அப்பன் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து வைத்ததல்லவா அது! ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் அதே விலாசத்தோடுதான் போனார்கள். ஆள் எங்கே போனாலும் மாறாததுதான் விலாசம். கோப்பில் அப்படி மாறாதவை அதன் அளவும், எடுத்தபோது கேமரா பதிந்த நேரக் குறியான டைம்கோடும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹாஷும்தான்.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். இரண்டு கேமரா, இரண்டிலும் கோப்புப் பெயர் சி0001 என்றே தொடங்கியது. பிறகு எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு மாற்றி, பெயரை மட்டும் நம்பி ரீலிங்க் செய்தேன். திருப்பூட்டுகிற இடத்தில் பந்தி பரிமாறுவது வந்து நின்றது. கழுத்திரு என்கிற எங்கள் பக்கத்துத் தாலி ஏறுகிற அந்தச் சில நொடிகளை மறுபடி எடுக்க முடியாது. படம் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைத் தேடி உரிய இடத்தில் வைக்க ஓர் இரவு முழுக்க ஆயிற்று. அடையாளம் வேறு, இடம் வேறு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

கெடன்லைவ் என்ற தொகுப்பு மென்பொருள் இதை நன்றாகச் செய்கிறது. அதன் புராஜெக்ட் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற, திறந்து படிக்கக்கூடிய எழுத்து வடிவில் இருக்கிறது. படம் இருக்கும் பாதையோடு கோப்பின் அளவையும் ஹாஷையும் சேர்த்து எழுதி வைப்பதால், படத்தின் பெயர் மாறியிருந்தாலும் கோப்புறையைக் காட்டினால் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: ‘ரீலிங்க்’ – இடஞ்சுட்டல். படம் கிடைக்காதபோது மென்பொருள் காட்டும் ‘மீடியா ஆஃப்லைன்’ – இடந்தவறிய கோப்பு. ‘இணைப்பில்லா’ என்றால் நெட் வரவில்லை என்று நினைப்பார்கள். ‘காணாமற்போன’ என்பது பொய். கேட்கிற கல்யாண வீட்டார் பதறிப்போவார்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

•

தம்பிக்கு,

விலாசத்தை விட்டுக்கொடுக்கிறேன். நம் ஊர்ப் பொருளும் மற்ற ஊர்ப் பொருளும் ஒரே சொல்லில் மோதிக்கொண்டால் படிக்கிறவருக்குத்தான் கஷ்டம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் சேர்த்த நூல்கள் நினைவுக்கு வருகின்றன. 1994-இல் சென்னையில் அந்தத் தொகுப்பு ஆராய்ச்சி நூலகமாயிற்று. நூல்கள் அவைதான், தேடி வருகிறவருக்கு இடத்தைத்தான் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். முதல் தடவை படத்தைப் புராஜெக்டுக்குள் கொண்டுவரும்போதும் இடத்தைத்தானே சுட்டுகிறோம்? இதற்கு ‘மறு’ என்ற முன்னொட்டு வேண்டாமா?

தேவகோட்டையிலிருந்து

•

அண்ணே, நல்ல கேள்வி. முதல் தடவைக்கு ‘இறக்குமதி’ என்ற சொல் பழகிவிட்டது, குழப்பம் வராது. இன்னொன்று: இடம் தவறாத கோப்பையும் சில சமயம் வேண்டுமென்றே வேறிடத்துக்குத் திருப்புகிறோம். கணினி திணறாமல் இருக்கச் பிராக்ஸி என்ற சிறிய நகலில் வெட்டிவிட்டு, கடைசியில் கேமராவின் அசல் கோப்புக்குத் திருப்புவதும் ரீலிங்க்தான். ‘மறு’ இல்லாத இடஞ்சுட்டல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

பட்டனில் மட்டும் ‘இடம் சுட்டு’ என்று பிரித்து எழுதலாமா? நேற்று ஸ்டுடியோவில் தாளில் எழுதிக் காட்டினேன். பிரித்து எழுதியதைப் பையன்கள் தயங்காமல் படித்தார்கள், சேர்த்து எழுதியதில் நின்றுவிட்டார்கள். சந்தி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறுவரை பார்த்துவிட்டுச் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.