மறு: ஓ.டி.சி.க்குத் தமிழ்ல என்ன சொல்? – "அடங்காச் சரக்கு" சரிவருமா

எல்லாருக்கும் வணக்கம். ஓ.டி.சி.ன்னா ஓவர் டைமென்ஷனல் கார்கோ, கண்டெய்னர் பெட்டிக்குள்ள நுழையாத அளவுச் சாமான், அவுட் ஆஃப் கேஜ்னும் சொல்வாங்க. அதுக்குத் தமிழ்ச் சொல் தேடுற இந்த இழை நாலு நாளா ஓடுது போல, நான் மாசக்கடைசி டெஸ்பேட்ச்ல மாட்டிக்கிட்டதால இன்னிக்கு தான் உக்காந்து முழுசா படிச்சேன். திருச்சி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல பேக்கிங், ஏற்றுமதி ரெண்டையும் பாக்குறவன் நான், அதனால இலக்கணத்துல தப்பா ஏதாச்சும் சொன்னா திருத்துங்க, சரக்கு விஷயத்துல மட்டும் கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க.

> "பேரளவுச் சரக்கு" என்று வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

ஐயா கோச்சுக்கக் கூடாது, இது ஆகாது. மாஸ் ப்ரொடக்‌ஷனை ஏற்கெனவே பேரளவு உற்பத்தின்னு எழுதிப் பழகிட்டோம். அதனால பேரளவுச் சரக்குன்னா படிக்கிறவன் மனசுல நிலக்கரியும் கோதுமையும் உரமும் தான் வரும், அதாவது கப்பல் வயித்துல அப்படியே கொட்டுற பல்க். நாம பேர் தேடுறது அதுக்கு நேர் எதிர், ஒத்தை உருப்படி, ஆனா எதுக்குள்ளயும் நுழையாத உருப்படி.

> கனரகச் சரக்கு?

அக்கா சொன்ன இது கொஞ்சம் கிட்ட வருது, ஆனா கனம் வேற அளவு வேற. காத்தாலை இறக்கையை எடுத்துக்கோங்க, 80 மீட்டரைத் தாண்டின இறக்கை எல்லாம் தூத்துக்குடியில கப்பல் ஏறியிருக்கு, ஒண்ணோட எடை 25 டன் வாக்குல தான். அதே 25 டன்னை இரும்புத் தகடாவோ கிரானைட்டாவோ குடுத்தா ஒரு 20 அடி கண்டெய்னர்ல ஏத்தி கதவைப் பூட்டி சீல் வச்சிட்டு டீ குடிக்கப் போயிடலாம். அங்க பிரச்சினை நீளம், கனம் இல்ல. திருப்பிப் பாத்தா கூடங்குளம். 2023 செப்டம்பர்ல 5, 6வது அணு உலைக்கு வந்த ரெண்டு ஸ்டீம் ஜெனரேட்டரை தூத்துக்குடியில இருந்து பார்ஜ்ல வச்சு இழுத்துட்டுப் போறப்ப கயிறு அறுந்து, கரைக்குக் கொஞ்ச தூரத்துல பார்ஜ் பாறைல போய் உக்காந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொண்ணும் 300 டன்னுக்கு மேல. அது கனம். (பார்ஜை பேப்பர்ல எல்லாம் "மிதவைக் கப்பல்"னு எழுதினாங்க. மிதக்காத கப்பல் எதுன்னு எங்க வீட்டம்மா கேட்டாங்க, அந்த ஒண்ணு தான் அன்னிக்கு மிதக்கலன்னு சொன்னேன். அதுக்குத் தனி இழை போடலாம்.)

அப்போ ஹெவி லிஃப்ட்டுக்கு ஒரு சொல், ஓ.டி.சி.க்கு வேற சொல், ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டக்கூடாது. கனத்துக்கு "கனச்சரக்கு" போதும், அதுல எனக்கு வழக்கே இல்ல.

> Out of gauge என்பதால் "அளவிப்புறச் சரக்கு"

இதை ராத்திரி 11 மணிக்கு போன்ல ட்ரெய்லர் டிரைவர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவ்ளோ தான்.

என் யோசனைக்கு வரேன். இந்த வகைச் சரக்கு பெருசா இருக்குறதால தனி வகை ஆகல. கப்பல்ல பெரிய சாமான் எந்தக் காலத்துலயும் போயிருக்கு, ரயில் எஞ்சினே போயிருக்கு, அப்பல்லாம் எல்லாமே ஒண்ணொண்ணா ஸ்லிங் போட்டுத் தூக்கி ஏத்துறது தான், அதனால மூட்டைக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பேர் அவ்வளவா தேவைப்படல. 1956ல மால்கம் மக்லீன்னு ஒரு அமெரிக்க லாரி முதலாளி ஐடியல் எக்ஸ்னு ஒரு கப்பல்ல 58 பெட்டியை நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினாரு, அதுக்கப்புறம் தான் உலகத்துச் சரக்கு எல்லாம் ரெண்டா பிரிஞ்சுது, பெட்டிக்குள்ள போறது, போகாதது. அந்தப் பெட்டியோட கதவு அகலம் 2.34 மீட்டர், உயரம் 2.28, உயரம் கூடின ஹை க்யூப் பெட்டின்னா 2.58, 40 அடிப் பெட்டியோட உள்நீளம் 12 மீட்டர். இதுல ஒரு விரக்கடை கூடினாலும் நீங்க அந்தப் பக்கம். மேல இடிச்சா கூரை இல்லாத ஓப்பன் டாப், பக்கத்துல இடிச்சா பக்கச் சுவர் இல்லாத ஃப்ளாட் ராக், அதுலயும் அடங்கலன்னா பெட்டியையே மறந்துட்டு நேரா கப்பல் தளத்துல. ஆக எல்லாமே பெட்டியை வச்சு தான் தீர்மானம் ஆகுது, அதனால பெட்டிக்கு அடங்காத சரக்கு, சுருக்கமா "அடங்காச் சரக்கு".

எங்க ரிக்கிங் ஃபோர்மேன் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "என்னப்பா அடங்காப்பிடாரி மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாரு. அன்னிக்கு சாயங்காலமே கிரேன்காரன்கிட்ட "டேய் நாளைக்கு அடங்காதது ரெண்டு இருக்கு, 6 மணிக்கே வந்துரு"ன்னு அவரே சொன்னதைக் கேட்டேன். கிண்டல் பண்ற சொல்லு தான் வாயில நிக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

அடங்குறது அடங்காததுன்னா துல்லியம் போதாதுன்னு ஒருத்தர் கேக்கலாம். போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், நீளம் 9 மீட்டர், அகலம் 3.40, உயரம் 3.60, எடை 46 டன். ஷாப்ல திருப்புறதுக்காக பக்கத்துல ஒரு லக், அதாவது கொக்கி மாட்டுற இரும்புக் காது, வெல்ட் பண்ணியிருந்தாங்க, கடைசில வெட்டி எடுத்துடணும், எடுக்கல. 11 சென்டிமீட்டர் துருத்திட்டு நின்னுச்சு. யாருக்கும் கண்ணுல படல, பெயின்ட் கூட அழகா அதுமேலயே அடிச்சு விட்டுட்டாங்க. துறைமுகத்துல சர்வேயர் டேப் வச்சு அளந்தப்ப அகலம் 3.51. இந்தச் சரக்குக்கெல்லாம் வாடகை ஃப்ரெய்ட் டன் கணக்கு, ஒரு டன் எடையா ஒரு கன மீட்டரா, எது அதிகமோ அது. அதுவும் கன அளவுங்கிறது சாமானோட நிஜ உருவம் இல்ல, எது எங்க துருத்திட்டு இருந்தாலும் அதையும் உள்ள போட்டு மூடுற ஒரு கற்பனைப் பெட்டியோட அளவு. 110 கன மீட்டர் இருந்தது 113.7 ஆச்சு. மூணரை ஃப்ரெய்ட் டன்னுக்கு மேல காத்துக்கு வாடகை கட்டினோம், அந்த 11 சென்டிமீட்டர் இரும்பால. பேக்கிங் லிஸ்ட்ல 3.40ன்னு போட்டு கையெழுத்து போட்டவன் நான் தான், திட்டும் எனக்கு தான். கப்பல்ல ஒரு கண்டெய்னர் வைக்கிற இடத்துக்கு, அதாவது ஸ்லாட்டுக்கு, வெளிய நீட்டிட்டு இருந்தா அது வேற கூத்து, பக்கத்து ஸ்லாட் செத்துப்போயிடும், அதுக்கும் காசு. கடைசில எல்லாமே எதுக்குள்ள எது அடங்கல்லங்கிற கணக்கு தான். (லக்குக்கு "காது"ன்னு வைக்கலாம், ஊசிக்கு காது இல்லையா, அண்டாவுக்கு இல்லையா.)

> Lashing – "சரக்குப் பாதுகாப்புப் பிணைப்பு". Chock – "நகர்வுத் தடுப்பான்"

இதுக்குத் தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெரிய பாரத்தைக் கட்டுறது, இழுக்குறது, நிறுத்துறது எல்லாம் நமக்குத் தெரியாத வேலையா? திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன்னுன்னு சொல்றாங்க, கிட்டத்தட்ட அந்த கூடங்குளம் ஸ்டீம் ஜெனரேட்டர் ஒண்ணோட எடை. அதை வடம் போட்டு இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை குடுத்துத் திருப்பி, நிறுத்தி, நெம்பித் தள்ளி நிலைக்குக் கொண்டுவராங்க. பொழுதுக்கும் பாய்லர் பண்ற எங்க ஊரு பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனி தான் அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு குடுத்துச்சு, தேரும் பாய்லரும் ஒரே கைல வந்த சாமான்தான்னு சொல்ல வரேன். Chock-க்கு முட்டுக்கட்டை இருக்கறப்ப நகர்வுத் தடுப்பான் எதுக்கு? பேச்சுல முட்டுக்கட்டைன்னா இடைஞ்சல்ங்கிற அர்த்தம் ஒட்டிக்கிச்சுங்கிறீங்க, சரி தான், தேரடியில நிக்கிறவனுக்கு அப்படி இல்லையே. லாஷிங்குக்கு "வடக்கட்டு". சங்கிலியோ ஒயர் ரோப்போ, கட்டுறது வடக்கட்டு தான்.

எவ்வளவு கட்டணும்னு சர்வதேச கடல்சார் அமைப்பு ஐ.எம்.ஓ.வோட சரக்கு அடுக்கிக் கட்டுற விதித்தொகுப்பான சி.எஸ்.எஸ். கோட்ல ஒரு எளிய விதி இருக்கு: ஒரு பக்கத்துல போடுற எல்லாக் கட்டோட தாங்குதிறனையும் கூட்டினா அது சரக்கோட எடைக்குச் சமமா வரணும், மறுபக்கமும் அதே மாதிரி. 46 டன்னுக்கு இடது 46, வலது 46. நடுக்கடல்ல கப்பல் ஒருக்களிச்சுச்சுன்னா மேல தூக்கின பக்கத்துக் கட்டு மட்டும் தான் இழுத்துப் பிடிக்கும்ல. இரும்பு மேல இரும்பை அப்படியே வைக்கவும் கூடாது, ஈரமானா உராய்வை சுழியம்னு தான் எடுத்துக்கணும், நடுவுல கட்டை வச்சா 0.3 கிடைக்கும். அந்தக் கட்டை தான் டன்னேஜ் (dunnage, எடைக் கணக்கு டன்னேஜ் இல்ல). "தாங்குகட்டை" எனக்குப் போதும். அதையும் 56 டிகிரில 30 நிமிஷம் சுட்டு முத்திரை குத்தியிருக்கணும், இல்லன்னா பூச்சி வரும்னு போற நாட்டுல நிறுத்திடுவாங்க.

பிரேக் பல்க்கை "உடைமொத்தம்"னு ஒரு பட்டியல்ல பாத்தேன், அன்னிக்கு சோறு இறங்கல. ஒண்ணொண்ணா எண்ணி ஏத்துற சரக்கு அது, "உருப்படிச் சரக்கு"ன்னா துணி சலவைக்குப் போடுறவங்களுக்குக் கூட புரியும்.

இப்போ ஒரு அவசரம். வர்ற வாரம் இந்த வகையில ரெண்டு ட்ரம் தூத்துக்குடிக்குப் போகுது, அதுமேல "அடங்காச் சரக்கு"ன்னு தமிழ்லயும் எழுதிக்கலாம்னு மேனேஜர் தலையாட்டிட்டாரு. ஸ்டென்சில் வெட்டுற பையன் நடுவுல அந்த "ச்" எதுக்கு சார், ஒரு எழுத்து மிச்சமாகும்லங்கிறான். ஓடாக் குதிரை மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சது லேசா ஞாபகம், அவன்கிட்ட அதைச் சொன்னா அடிக்க வருவான். புலவர் ஐயா யாராச்சும் வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வரி உறுதிப்படுத்துங்க, தகடு வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது.