பாதுகாப்பான ஸ்கூல்னு நம்பிச் சேர்த்தோம்: உங்க அனுபவம்?

மழைத்துளி:
கேட்டுல வாட்ச்மேன், வராண்டா முழுக்க கேமரா. இதைப் பார்த்துத்தான் பையனை அங்க சேர்த்தோம். பக்கத்துல இன்னொரு ஸ்கூல் இருந்தது, அங்க அடிதடின்னு சொன்னாங்க, எட்டிக்கூடப் பார்க்கல. எட்டாவது நடுவுலேருந்து வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவான். தினமும். ஒருநாள் பையைத் திறந்தா, காலையில நிரப்பிக் கொடுத்த தண்ணி பாட்டில் அப்படியே இருக்கு. ஏன்டா குடிக்கலன்னு கேட்டேன். "குடிச்சா அங்க போகணும்லம்மா." உள்ள போனா நாலு பசங்க கதவை வெளியே தாழ் போட்டுடுவாங்களாம். அஞ்சு மாசமா. கேமரா கண்ணுல எதுவுமே படலை. அந்த நிறைஞ்ச பாட்டில் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கடைசிபெஞ்ச்:
அக்கா, உங்க வேதனை புரியுது. ஆனா நீங்க எட்டிப் பார்க்காத மாதிரி ஒரு ஸ்கூல்லதான் நான் படிச்சேன். நான் சேர்றதுக்கு முன்னாடி வாசல்ல நடந்த ஒரே ஒரு சண்டை, அந்தப் பேர் போகவே இல்ல. பதினொண்ணாவதுல பக்கத்துல இருந்தவன் பையில கத்தி. எனக்கு மட்டும் காட்டினான். இன்டர்வெல்ல பி.டி. சார்கிட்ட சொன்னேன், கை நடுங்குச்சு. அவர் கத்தல. அவனைத் தனியா கூப்பிட்டு, பையை வாங்கி வச்சுட்டு, "ராத்திரி தூங்கினியா?"ன்னு கேட்டார். அவன் உடைஞ்சு அழுதான். யார் சொன்னதுன்னு இன்னிவரைக்கும் அவனுக்குத் தெரியாது. வேற யாராவது இருந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சாக்பீஸ்:
16 வருஷமா டீச்சரா இருக்கேன். தம்பி, நீங்க சொன்னீங்க, நிறையப் பேர் சொல்றதில்ல. அமெரிக்காவுல 1974லேருந்து 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ஞ்சு 2002ல ஒரு அரசு அறிக்கை வந்தது. 81 சதவீதத்துல யாரோ ஒருத்தருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அதுவும் பெரும்பாலும் கூடப் படிச்ச பிள்ளைங்களுக்கு.
என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, ஒவ்வொரு இன்டர்வெல்லயும் நோட்டோட ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிப்பா. நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு பெருமையா நினைச்சேன். ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் வெறுமையா இருந்தது.

நிலாமுற்றம்:
என் பொண்ணை ஸ்கூல் வேன்ல உட்காரவே விடல, ஒரு டெர்ம் பூரா நின்னுக்கிட்டே வந்தா. அவ்ளோதான் என் கதை.
டீச்சர், கத்தியும் துப்பாக்கியும் அபூர்வம். செய்தியில வர்றது அதுதான், நாம பயப்படறதும் அதுக்குத்தான். யுனெஸ்கோவோட 2019 அறிக்கையைப் பாருங்க: உலகத்துல கிட்டத்தட்ட மூணு மாணவர்ல ஒருத்தர், முந்தின ஒரு மாசத்துக்குள்ள சக மாணவர்களால கொடுமைப்பட்டிருக்காங்க. அதைப் பேசுவோம்.
மழைத்துளி, அந்தப் பசங்க வீட்டுக்கு நேரா போயிடாதீங்க, மறுநாள் உங்க பையன்தான் மாட்டுவான். தேதி, நேரம், இடம் எழுதி ஸ்கூல்ல கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு கையெழுத்து கேளுங்க. "யார் அடிச்சா?"ன்னு பிள்ளையைத் துருவாதீங்க; "எந்த இடத்துக்குப் போகப் பிடிக்கல?"ன்னு கேளுங்க, அதுக்குப் பதில் வரும். நார்வேயில 1983ல டான் ஓல்வேயஸ்ங்கிற உளவியல் ஆய்வாளர் ஸ்கூல் கொடுமையைத் தடுக்க ஆரம்பிச்ச திட்டத்துல ஒரு முக்கியமான வேலையே இதுதான்: இடைவேளையில பிள்ளைங்க மாட்டிக்கிற இடத்துல பெரியவங்க நிக்கணும். கூட ஒரு நண்பனையும் சேர்த்துவிடுங்க. கனடாவுல சின்னப் பிள்ளைங்க விளையாடற இடத்தைப் படம் பிடிச்சுப் பார்த்த 2001 ஆய்வுல, இன்னொரு பிள்ளை தடுக்கப் போனப்ப பாதிக்கு மேலான தடவை 10 விநாடியில அந்தக் கொடுமை நின்னுடுச்சு.

மழைத்துளி:
எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப இன்டர்வெல்ல அங்க ஒரு சார் நிக்கிறார். பையன் இன்னும் வீட்டுக்கு வந்துதான் போறான். டீச்சர், அந்தப் பொண்ணு என்ன சொன்னா?

சாக்பீஸ்:
எதுவும் சொல்லலைம்மா. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, எழுதிட்டு வான்னு அனுப்பிட்டேன். மறுநாள்லேருந்து அவ வாசல்ல நிக்கல.