பன்னிரண்டாம் வகுப்புக்கு நேராக அமெரிக்கா போகும் சேலத்துப் பிள்ளைகள்: மன்றங்களும் விளையாட்டும் சுபாவமும்

கேள்வி, சூரமங்கலத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்தில் எனக்கு ஒஹாயோ மாநிலத்துக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குக் குடும்பத்தோடு பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பை இங்கே முடித்துவிட்டாள். அங்கே அவளைச் சீனியர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ப்பார்கள் என்று சொல்கிறார்கள். படிப்பில் அவள் கெட்டிக்காரி. ஆனால் அங்கே கல்லூரியில் இடம் கிடைக்க மன்றமும் விளையாட்டும் வேண்டும், மதிப்பெண் மட்டும் போதாது என்று கேள்விப்படுகிறேன். அவளோ தானாகப் போய் யாரிடமும் பேசாத சுபாவம். போன உடனே ஏழெட்டு மன்றங்களில் பெயர் கொடுத்துவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்:

தம்பிக்கு வணக்கம். நாங்களும் ஒஹாயோவில்தான் இருக்கிறோம். சொந்த ஊர் அஸ்தம்பட்டி. பிள்ளைகளின் விடுமுறைக்காக இப்போது ஏற்காட்டில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் மூத்த மகன் பதினொன்றாம் வகுப்பில் அங்கே போய்ச் சேர்ந்தவன் என்பதால் நீங்கள் கேட்பதை நான் ஒருமுறை முழுதாகப் பட்டு முடித்திருக்கிறேன்.

முதலில் பயணச்சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் அதை ஜூலை இறுதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே பள்ளி விளையாட்டு மூன்று பருவங்களாக நடக்கிறது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து, சாக்கர் என்று அவர்கள் சொல்லும் நம் ஊர்க் கால்பந்து, வாலிபால், கிராஸ் கண்ட்ரி ஓட்டம். குளிர்காலத்தில் கூடைப்பந்து, மல்யுத்தம், நீச்சல். வசந்தத்தில் தடகளம், பேஸ்பால் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலம் உண்டு. இலையுதிர் கால அணிகளுக்கான தேர்வு, பள்ளி திறப்பதற்கு முன்பே, எங்கள் மாநிலத்தில் ஆகஸ்ட் முதல் நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. மார்ச்சிங் பேண்ட் என்னும் அணிவகுப்பு இசைக்குழுவும் கோடையிலேயே பயிற்சி முகாம் வைத்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்கினால், உங்கள் மகள் வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே அங்கே நட்புக் கூட்டங்கள் சேர்ந்து முடிந்திருக்கும். ஒரு மாதம் முன்னால் போனால் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவள் தனியாக உட்கார வேண்டியிருக்காது. கல்லூரி விண்ணப்பத்தைவிட அந்த மதியச் சாப்பாடு முக்கியம் என்பது என் கருத்து.

ஏழெட்டு மன்றங்கள் வேண்டவே வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகளில் கடைசி நாள் நவம்பர் 1. வழக்கமான சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஜனவரித் தொடக்கம். செப்டம்பரில் சேர்ந்த மன்றம் விண்ணப்பம் போகும்போது இரண்டு மாதக் குழந்தை. அந்த விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்தவற்றைச் சொல்லப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் கிடைக்கும். அதோடு அந்தச் செயலில் 9, 10, 11, 12 ஆகிய எந்தெந்த வகுப்புகளில் ஈடுபட்டிருந்தாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஏழு மன்றங்களுக்கு நேராகவும் 12 மட்டும் குறித்திருந்தால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆகவே 9 முதல் 11 வரையிலான கட்டங்கள் சேலத்துக்கு உரியவை. நம்மவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம், தேசிய மாணவர் படை, ஜூனியர் ரெட் கிராஸ், கோயில் திருவிழாவில் ஆடிய பரதம், மாவட்ட அளவிலான கேரம் போட்டி எல்லாமே கணக்கில் சேரும். வீட்டுப் பொறுப்புகளுக்கென்றே அந்தப் பட்டியலில் தனி வகை இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் உறவினர் ஒருவருடைய மகள், பட்டறையில் வெள்ளி எடை போட்டுக் கணக்கு எழுதியதை மூன்றாண்டு வேலையாக எழுதினாள். அவளுடைய அப்பாவுக்கு அதில் வெட்கம். வீட்டு வேலையைப் போய் யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா என்றார். அவள் எழுதியதிலேயே உயிருள்ள வரி அதுதான்.

இதற்காகச் சேலத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். அமெரிக்க ஹை ஸ்கூல் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. நாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்போம். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் யாரிடமும் இருக்காது. பள்ளி அலுவலகத்துக்கு நேரில் போய், முத்திரையும் கையெழுத்தும் வைத்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது தெரியாததால் என் தம்பி மூன்று வாரம் பள்ளிக்கு அலைந்தான். இரண்டாவது, மகளை நன்றாக அறிந்த ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வையுங்கள். பல கல்லூரிகள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். இரண்டு மாதமாக மட்டும் பார்த்த அமெரிக்க ஆசிரியர் என்ன எழுதிவிட முடியும்? இணைய வழியாகவே அழைப்புப் போகும் என்பதால் சேலத்து ஆசிரியரும் எழுதலாம். ‘பணிவானவள், ஒழுக்கமானவள்’ என்று நான்கு வரியில் முடித்துவிடாமல், அவள் எதைக் கேட்டாள், எதில் தடுமாறினாள், எப்படி மீண்டாள் என்று நடந்ததை எழுதச் சொல்லுங்கள்.

அங்கே போனதும், மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைச் சந்திப்பீர்கள். கையில் இருக்கும் கிரெடிட்களை, அதாவது முடித்த பாடங்களுக்கான புள்ளிகளைப் பார்த்து எந்த வகுப்பு என்று அவர்தான் முடிவு செய்வார். வயது இடம் கொடுத்தால் ஜூனியராக, அதாவது பதினொன்றிலேயே சேர்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு வருடம் வீணாகிறதே என்று நம் மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு, ஆங்கிலம், உடற்கல்வி என்று பட்டம் பெறத் தேவையான பாடங்களையெல்லாம் ஒரே வருடத்தில் அடைத்தால், மாலை நான்கு மணிக்கு மேல் அவளுக்கென்று எதுவும் மிஞ்சாது.

இனி விளையாட்டு. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அங்கே சீனியர்தான் அணியின் முகம். முதல்நிலை அணியை வார்சிட்டி என்பார்கள். இளையவர்களுக்கு ஜூனியர் வார்சிட்டி. பல ஆட்டங்களில் தேர்வு வைத்து ஆட்களைக் கழிப்பார்கள். என் மகன் இங்கே பள்ளி அணிக்குக் கால்பந்து ஆடியவன். அந்தத் தெம்பில் சாக்கர் தேர்வுக்குப் போனான். மூன்றாம் நாள் வெளியான பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆறு வயது முதல் சேர்ந்து ஆடி வருபவர்களோடு போட்டியிட்டிருக்கிறான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அவனை மீட்டது கிராஸ் கண்ட்ரி. பெரும்பாலான பள்ளிகளில் அந்த அணியில் யாரையும் கழிப்பதில்லை. ஓட வருகிற எல்லோருக்கும் சீருடை கொடுப்பார்கள். புல்வெளியிலும் காட்டுப் பாதையிலும் 5 கிலோமீட்டர் ஓட்டம். முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணி வென்றதாக அறிவிப்பார்கள். அதனால் அணியின் ஐந்தாவது ஆள் முந்துவதும் பிந்துவதும் முதல் ஆளின் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கில் ஏறும். முதல் பந்தயத்தில் என் மகன் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். முன்னால் ஓடி முடித்தவர்களெல்லாம் கோட்டருகே நின்று அவன் பெயரைக் கத்திக் கைதட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து எனக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லாப் பந்தயத்திலும் கடைசி ஆளுக்கு அப்படித்தான் செய்வார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு தாய் சொன்னார். அந்த ஆண்டு அவன் வார்சிட்டிக்குள் வரவே இல்லை. ஆனால் வாரத்தில் ஐந்து மாலைகள், பேசினாலும் பேசாவிட்டாலும் கூடவே ஓட முப்பது பேர் கிடைத்தார்கள். பேசாத சுபாவமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது; வசந்தத்தில் தடகளமும் பல பள்ளிகளில் இப்படித்தான். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற உயரம் தாண்டுதலும் தடகளத்தில்தான் வருகிறது. இதைச் சொன்னால் அங்குள்ள பயிற்சியாளர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

பயிற்சியின் முதல் நாளுக்குள் உடல் தகுதிச் சான்று கையில் இருக்க வேண்டும். மாநிலத்துக்குரிய படிவத்தில், பெரும்பாலும் அங்குள்ள மருத்துவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி மாறி வருபவர்களுக்கு ஆடும் தகுதி பற்றி விதிகள் உண்டு. பெற்றோரோடு குடிபெயர்ந்து வந்தவர்களுக்குப் பொதுவாகத் தடை இருக்காது. இருந்தாலும் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிரிக்கெட்டைப் பலர் கேட்கிறார்கள். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் 2008 முதல் அது பள்ளி விளையாட்டாக இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் வெளியிலுள்ள குழுக்களில்தான் ஆட வேண்டும். விளையாட்டால் உதவித்தொகை வாங்கிவிடலாம் என்ற நினைப்பு, கடைசி ஆண்டில் போகிறவர்களுக்கு வேண்டாம்.

மன்றங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது வேலை கொடுக்கும் மன்றமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசிக் கலையும் மன்றத்தில், பேசாத பெண் மூலையில் உட்கார்ந்துவிடுவாள். ரோபாட்டிக்ஸ் குழுவில் திருகாணி முடுக்கவும் கம்பி இணைக்கவும் ஆள் வேண்டும். ஃபர்ஸ்ட் (FIRST) என்னும் அமைப்பு நடத்தும் ரோபாட்டிக்ஸ் போட்டியில் அந்த ஆண்டுக்கான சவாலை ஜனவரியில்தான் அறிவிக்கிறார்கள் என்பதால், தாமதமாக வந்தவருக்கும் வேலை இருக்கும். நாடகக் குழுவில் மேடை விளக்குப் பணி, இயர்புக் என்னும் ஆண்டு மலரில் படம் எடுப்பது ஆகியவையும் அப்படிப்பட்டவையே. சயின்ஸ் ஒலிம்பியாட் என்னும் அறிவியல் அணிப் போட்டி மீது நம்மவர்களுக்கு ஆசை அதிகம். ஆனால் 15 பேர் கொண்ட அணியில் பன்னிரண்டாம் வகுப்பினர் 7 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த ஏழு இடங்களும் பழையவர்களுக்குப் போய்விட வாய்ப்புண்டு. நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேஷனல் ஹானர் சொசைட்டியில் சேர, அந்தப் பள்ளியில் ஒரு செமஸ்டராவது படித்திருக்க வேண்டும். கீ கிளப் என்னும் சேவை மன்றத்தில் சேருவது எளிது; சேவைப் பணிகளுக்குப் போகிறவர்கள் அங்கே நான்கு பேரைத் தெரிந்துகொள்வார்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத தன்னார்வப் பணிக்குத் தடையில்லை.

சுபாவம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமல் நிற்பது நம் ஊரில் மரியாதை. அங்கே அதையே ஆர்வமில்லாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்காக மகளின் குணத்தை மாற்றச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை ஏதாவது ஓர் ஆசிரியரிடம் வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள், அதுவே போதும். விளையாடுகிறவன் முரடன், கண்ணாடி போட்டவன் புத்தகப் புழு என்று சினிமாவில் பார்த்ததை நம்பி அவளைப் பயமுறுத்திவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஒரு பையன்தான் சதுரங்க மன்றத்துக்கும் தலைவன்.

சீனியர் ஆண்டில் சடங்குகளும் நிறைய உண்டு. இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் விழா, வசந்தத்தில் ப்ராம் நடனம். யாரோடு போகிறாள், யார் வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். துணையில்லாமல் தோழிகள் கூட்டமாகவும் போவார்கள். ஆண்டு மலரில் ‘மிகவும் சிரிக்க வைப்பவர்’, ‘வாழ்க்கையில் முன்னுக்கு வரக்கூடியவர்’ என்று மாணவர்களே வாக்களித்துப் பட்டம் கொடுப்பார்கள். சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கும் என் மாமியார், அதற்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். சீனியர் நைட்டை மட்டும் தவறவிடாதீர்கள். சொந்தத் திடலில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று, ஒவ்வொரு சீனியரும் பெற்றோரைக் கைப்பிடித்து அழைத்து வர, பெயர் சொல்லி அறிவிப்பார்கள். என் கணவர் அதைப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்று நினைத்து விடுப்பு எடுக்கவில்லை. நான் மட்டும் சேலையோடு புல்வெளியில் நடந்தேன்.

கடைசியாக வண்டி. பயிற்சி மாலை ஐந்தரை ஆறு மணிக்கு முடியும்போது பள்ளிப் பேருந்து பல இடங்களில் போயிருக்கும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நின்றால் டவுன் பஸ் வருவது போல அங்கே எதுவும் வராது. மன்றத்தையும் விளையாட்டையும் நம் பிள்ளைகள் பாதியில் விடுவதற்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் துணைவியார் போன முதல் மாதமே வண்டி ஓட்டக் கற்கட்டும். அதுவரை கோச்சிடம் சொன்னால், அதே பக்கம் போகும் குடும்பம் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். எங்களை இரண்டு மாதம் ஏற்றிச் சென்ற அம்மாவுக்குத் தட்டுவடை செட் செய்து கொடுத்தேன். காரச் சட்டினியை மட்டும் ஒதுக்கிவிட்டார்.

மறுகேள்வி, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து:

அக்கா, என் மகன் எட்டு வருடமாகச் சிலம்பம் ஆடுகிறான். வருகிற வருடம் அவனும் சீனியராகத்தான் போகிறான். அங்கே சிலம்ப மன்றம் இருக்காதே. புதிதாக அவனே தொடங்கலாமா?

பதில்:

தொடங்கலாம். பெரும்பாலான பள்ளிகளில் பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும், சேர விரும்பும் சில மாணவர்களும், நோக்கத்தைச் சொல்லும் ஒரு பக்க விண்ணப்பமும் இருந்தால் அனுமதி கிடைக்கும். ஆனால் விண்ணப்பத்தில் ‘நிறுவனர்’ என்று எழுதுவதற்காக மட்டும் கடைசி ஆண்டில் தொடங்காதீர்கள்; அப்படிப்பட்டவற்றைக் கல்லூரிக்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். எட்டு ஆண்டுப் பயிற்சியே அவனுடைய பட்டியலில் முதல் இடத்தில் நிற்கத் தகுதியானது. பல பள்ளிகளில் பன்னாட்டுக் கலை விழா நடக்கும். அதில் ஆடிக் காட்டினால் கற்றுக்கொடு என்று நான்கு பேர் தாமாகவே வருவார்கள், மன்றம் அப்போது தானே அமையும். ஒரு எச்சரிக்கை மட்டும். பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் போலத் தோன்றும் எதையும் கொண்டுவருவது அங்கே கடுமையான குற்றம். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எந்த நாள், எந்த அரங்கம், யார் பொறுப்பு என்று அதில் குறிப்பிடச் செய்யுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை கம்பு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பையனின் பையிலும் வேண்டாம், வண்டியின் டிக்கியிலும் வேண்டாம்.