ஹாங்சோவில் வசந்த காலம்: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி – தென்திசை

வணக்கம். பணி நிமித்தமாக மார்ச் முதல் வாரத்தில் சீனாவின் ஹாங்சோ நகருக்குச் சென்று, மே மாத இறுதிவரை அங்கே தங்கவிருக்கிறேன். இணையத்தில் தேடினால் மேற்கு ஏரிக்கரையில் பூத்து நிற்கும் பீச் மரங்களின் படங்களே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. வசந்த காலத்தில் அந்நகரத்து மக்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள், புதிதாகச் செல்பவர் எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நான் குளிர் பழக்கமில்லாத ஊர்க்காரன். சைவ உணவு உண்பவன்.

பதில் 1 – மூங்கில்காடு

நண்பரே, அந்நகரில் இரண்டு வசந்த காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹாங்சோவில் வசந்தம் வந்துவிட்டதை நான் மரத்தைப் பார்த்து அறியவில்லை, காய்கறிச் சந்தையைப் பார்த்தே அறிந்தேன். குளிர்காலத்து மூங்கில் குருத்தை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். வசந்த காலத்துக் குருத்தோ மழை பெய்ததும் தானாகவே தலை நீட்டிவிடும். மார்ச் மாத மழைக்குப் பிறகு சந்தையில் அது மலைபோல் குவியும். நாம் ‘மழைக்குப் பின் முளைத்த காளான்’ என்று சொல்வதைச் சீனர்கள் ‘மழைக்குப் பின் எழுந்த மூங்கில் குருத்து’ என்கிறார்கள்; அந்தக் குவியலைப் பார்த்த அன்றுதான் உவமையின் பொருத்தம் எனக்கு விளங்கியது. எண்ணெயும் சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்து, கருஞ்சிவப்பாக மினுங்கும்வரை அதை வதக்குவார்கள். சைவ உணவு உண்பவருக்கு அங்கே கிடைக்கும் நல்ல பண்டங்களுள் அதுவும் ஒன்று.

அடுத்து வருவது தேயிலை. நகரின் மேற்கு எல்லைக் குன்றுகளில் விளையும் லோங்ஜிங் தேயிலையை மார்ச் பிற்பகுதியில் கொய்யத் தொடங்குவார்கள். ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் நாள் வரும் சிங்மிங் என்னும் முன்னோர் வழிபாட்டு நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத் தனிப்பெயரும் தனி விலையும் உண்டு. அந்நாள் கடந்ததும் விலை இறங்கத் தொடங்கும். லோங்ஜிங், மெய்ஜியாவு போன்ற ஊர்களில் வீட்டு வாசலிலேயே இரும்புச் சட்டியை வைத்து, வெறுங்கையால் இலையை அழுத்தியும் புரட்டியும் வறுப்பதைக் காணலாம். என் அலுவலகத்தில் ஏறக்குறைய அனைவருடைய மேசையிலும் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. இலையை வடிகட்டாமல் அடியில் விட்டு, நாள் முழுவதும் வெந்நீரை மேலும் மேலும் ஊற்றிக் குடிப்பார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தப் பச்சைத் தேநீர் முதல் வாரத்தில் எனக்குப் புல்லை ஊறவைத்த நீர் போலவே இருந்தது. மே மாதத்தில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

காலையில் ஒருமுறையாவது மேற்கு ஏரியின் குறுக்கே செல்லும் சூ கரைக்குச் செல்லுங்கள். கவிஞர் சூ தோங்போ அந்நகரின் ஆட்சியராக இருந்தபோது, 1090-இல் ஏரியைத் தூர்வாரிய சேற்றைக் கொண்டு எழுப்பிய கரை அது. நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். ஏரிப்பகுதிப் பூங்காக்களில் முதியவர்கள் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுதுவார்கள். வெயில் ஏறும்போது முதல் வரி காய்ந்து மறையும். அவர்கள் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

பதில் 2 – கம்பளிப்போர்வை

மேலே எழுதியவர் குளிரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது பெருங்குறை. சீனாவில் நகரம் முழுவதற்குமான வெப்பமூட்டும் குழாய் வசதி பெரும்பாலும் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள ஊர்களுக்கே உரியது. ஹாங்சோ தெற்கே இருப்பதால், மார்ச் மாதத்தில் வீட்டின் உட்புறம் தெருவைவிடக் குளிர்ந்திருப்பதுண்டு. ஒரு நாள் சட்டை மட்டும் போதும் என்று தோன்றும். மறுநாள் மழையோடு குளிர் திரும்பி வந்து எலும்பைத் தொடும். ‘வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர்காலத்தில் குளிரைத் தாங்கு’ என்பது அவர்கள் பழமொழி. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பாட்டி, நான் மேலங்கி இல்லாமல் வெளியே போன ஒவ்வொரு முறையும் என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்து, எவ்வளவு மெல்லியது என்று கடிந்துகொள்வார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரியும். இருந்தாலும் திரும்பிப் போய் எடுத்து வருவேன்.

தொடர் மழைக்குப் பிறகு வெயில் அடித்தால், பால்கனிகளிலும் மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகளிலும் மெத்தைகளும் போர்வைகளும் தொங்கும். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஈரவாடை போக வேறு வழியில்லை. ஏப்ரலில் சாலையோரப் பிளேன் மரங்களிலிருந்து மஞ்சள் பஞ்சு உதிர்ந்து கண்ணிலும் மூக்கிலும் புகும் என்பதால் முகக்கவசம் வைத்திருங்கள்.

பதில் 3 – வெண்படகு

சிங்மிங் முன்னோர் கல்லறையைத் துடைத்து வணங்கும் நாள். 2008 முதல் பொது விடுமுறை. அப்போது மேற்கு ஏரிக்கு வராதீர்கள். உடைந்த பாலம் என்று பெயர்பெற்ற பாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. மேலும், தொடர்ச்சியாக விடுமுறை கிடைப்பதற்காகச் சில ஆண்டுகளில் ஒரு சனி அல்லது ஞாயிறை வேலை நாளாக்கிவிடுவார்கள். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறங்கிக்கொண்டிருந்தபோது மேலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

சிங்மிங்கையொட்டி விற்கும் சிங்துவான் நம் கொழுக்கட்டையின் உறவுக்காரப் பண்டம்: ஒட்டரிசி மாவில் மாசிபத்திரி இனத்துச் செடியின் சாற்றைக் கலந்து, உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்திருப்பார்கள். பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். பணத்தைப் பொறுத்தவரை, அலிபே செயலியில் உங்கள் வெளிநாட்டு அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். அதன் தாய் நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் தலைமையகம் உள்ள ஊர் அது. கீரை விற்பவரும் பணம் செலுத்துவதற்கான கியூஆர் குறியீட்டு அட்டையையே நீட்டுவார்.

தென்திசை

மூவருக்கும் நன்றி. தடித்த போர்வையை இங்கிருந்தே கொண்டுவருவதா, அங்கே வாங்குவதா? எதுவரை அது தேவைப்படும்?

கம்பளிப்போர்வை

அங்கேயே வாங்குங்கள். மே 5 அல்லது 6-ஆம் நாள் லீசியா, அதாவது அவர்கள் நாட்காட்டியில் கோடையின் தொடக்கம். அதையொட்டி, ஒருவகை இலைச்சாற்றில் ஊறவைத்துச் சமைத்த கறுப்பு ஒட்டரிசிச் சோறு கடைகளில் வரும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போர்வையை ஒருமுறை வெயிலில் காயவைத்து மடித்து வைத்துவிடலாம்.